பதம் பார்க்கிற விரல்கள்

இடது கையால் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். வலது கை நெஞ்சுக்கு நேரே நிற்கிறது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தொட்டும் தொடாமலும் இருக்க, மற்ற மூன்றும் மடங்கியிருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் பொடி போடப் போகிறவர் மாதிரி இருக்கும். கிட்டே போனால்தான் அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே கறுப்பாக ஒரு துளி எண்ணெய் மினுங்குவது தெரியும். கைப்பேசி அடித்தால் இடது கைச் சுண்டுவிரலால் தட்டித் தோளில் இடுக்கிக்கொள்கிறார். மூக்கில் ஈ உட்கார்ந்தால் கீழுதட்டை நீட்டி மேல்நோக்கி ஊதுகிறார். என்ன நடந்தாலும் அந்தக் கை மட்டும் இறங்குவதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. வளைவில் சத்தம் பம்மி, நேர்ப்பாதையில் தகரக் கூரை அதிரும்படி ஏறி, மறுபடியும் பம்முகிறது. அந்தக் கார் திரும்பி வந்து நின்று, ஓட்டுகிறவருடைய இரண்டு கால்களும் தரையில் பட்ட பிறகுதான், ஆணியில் தொங்குகிற பழைய பனியன் துணியை எடுத்து அவர் விரல்களைத் துடைப்பார். அதுவரை சாப்பாடு கிடையாது, சட்டைப் பொத்தான் கிடையாது, ஒருவருக்குக் கும்பிடு போடுவதுகூடக் கிடையாது. ஒரு முறை முதலாளியின் மாமனார் வந்து கை கொடுக்கப் போக, இவர் முழங்கையை நீட்டினார். பெரியவர் ஒரு கணம் யோசித்துவிட்டு முழங்கையையே பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

பட்டறையில் அவருக்குப் பெயர் ‘பதம்’. வயதில் இளையவர்களுக்குப் பதம் அண்ணன், முதலாளிக்கு வெறும் பதம். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

அது வேகக் கார்களுக்கான பட்டறை. கடைக்கும் ஆபீசுக்கும் போகிற கார்கள் அங்கே வருவதில்லை. வாசலைத் தாண்டினால் ஓடுதளம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று கார்களை விரட்டிப் பார்ப்பார்கள். ஓடி வந்த ஒவ்வொரு காரின் வயிற்றிலிருந்தும் ஒரு சின்னப் புட்டி எண்ணெய் எடுத்து, அது இன்னும் தாங்குமா தாங்காதா என்று சொல்வது அவர் வேலை. என்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உரசக் கூடாது. நடுவில் எண்ணெய் ஒரு மெல்லிய ஆடையாக நிற்க வேண்டும். எண்ணெய் இளகித் தண்ணீராகிவிட்டால் ஆடை கிழிந்துவிடும். ரொம்பக் கெட்டியாகிவிட்டால் போக வேண்டிய சந்துக்குள் போகாது. சாதாரணக் காரில் ஒரு வருஷம் நிற்கிற பதம் இந்தக் கார்களில் ஒரு பகல் நின்றால் பெரிய விஷயம்.

ஏன் நிற்பதில்லை என்று கேட்டால் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. “உள்ள நூல் நூலா என்னமோ போட்டிருக்காங்களாம். சூட்டுல எண்ணெய் இளகிடாம அதுதான் புடிச்சு வெச்சிருக்குது. இவனுங்க மிதிக்கிற மிதியில பல்சக்கரம் சும்மா இருக்குமா? நூலை எல்லாம் கத்தரிச்சு விட்டுடுது. வெட்டினது மறுபடி வளருமா, சொல்லுங்க?” சொல்லிவிட்டு இடது கையால் தன் வழுக்கைத் தலையை ஒரு தடவு தடவுவார். கேட்டவர் சிரிக்கும் வரை காத்திருப்பார்.

அவருடைய அறை நான்கு பேர் சேர்ந்தாற்போல் நிற்க முடியாத அளவுக்குச் சின்னது. ஒரு மேசை, ஒரு ஜன்னல், கொதிநீர் சூட்டில் எப்போதும் நிற்கிற ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் வளைந்த கண்ணாடிக் குழாய். குழாயில் இரண்டு கோடுகள். மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு எண்ணெய் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் கணக்கு. அந்தப் பெரிய காருக்கு ஊற்றுகிற புது எண்ணெய் நூற்றெண்பது நொடி எடுக்கும். முப்பது சுற்று ஓடி வந்தால் நூற்று அறுபது. நூற்று நாற்பதுக்குக் கீழே வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

நொடி பார்க்கக் கடிகாரம் இருக்கிறது. காகிதத்தில் எழுதுவது அதைத்தான். ஆனால் அவர் வாய் வேறு கணக்கு எண்ணிக்கொண்டிருக்கும். “ஆண்டவா, வண்டியில போறவன் போன மாதிரியே வரணும். சக்கரம் மாட்டினவன் கை நல்லா இருக்கணும். ஓரத்துல நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. குறுக்க ஓடுற நாயைக்கூட நீதான் பாத்துக்கணும்.” இதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல இருபது நொடி. புது எண்ணெய் என்றால் ஒன்பது தடவை. நாயைச் சேர்த்தது பிற்பாடு. ஒரு தடவை ஒரு நாய் நிஜமாகவே குறுக்கே ஓடி, ஆண்டவன் பார்த்துக்கொண்டான். சேர்த்த பிறகு கணக்கு இடிக்கக் கூடாதே என்று மற்ற வரிகளைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிப் பழகிக்கொண்டார்.

குழாயில் இறங்கியது போக மிச்சத்தில் ஒரு துளியை விரலில் எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி, மெல்லப் பிரித்துப் பார்ப்பார். இது பட்டறையில் கற்றது இல்லை. இதற்கு முன் பத்தொன்பது வருஷம் ஒரு மிட்டாய்க் கூடத்தில் சர்க்கரைப் பாகு காய்ச்சினவர் அவர். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று விரலிடுக்கில் பார்த்துப் பார்த்துக் கட்டைவிரல் ரேகையே தேய்ந்துவிட்டது. வாசலில் வருகைக்காக வைத்திருக்கிற ரேகை எந்திரம் இன்றைக்கும் அவரை மூன்றாவது தடவைதான் ஒப்புக்கொள்கிறது. “என்னை விட இதுக்குச் சந்தேகம் ஜாஸ்தி” என்பார்.

மிட்டாய்க் கூடம் வேறு ஊருக்கு மாறிப் போனபோது, அவரை இங்கே கொண்டுவந்து விட்டவன் அவர் மனைவியின் தம்பி. இந்தப் பட்டறையின் ஓட்டுநர். “எங்க அக்கா புருஷன் பாகு பதம் பாக்குறதுல கில்லாடி. எண்ணெயும் பாகு மாதிரிதானே?” என்று முதலாளியிடம் விளையாட்டாகச் சொன்னான். முதலாளி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் புதிதாகச் சேர்ந்த பெண் பொறியாளர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

“அண்ணே, இந்தக் கட்டத்துல பாகுத்தன்மை எவ்வளவுன்னு எழுதிடுங்க.”

“என்ன தன்மை?”

“பாகுத்தன்மைண்ணே. எண்ணெய் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம்னு சொல்லுவோம்ல, அதுக்குப் பேரே அதான்.”

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். “அடப் பாவமே! மிட்டாய்க் கடையை விட்டு வேற வேலைக்கு வந்துட்டேன்னு இல்ல இத்தனை நாளும் நெனச்சுட்டு இருந்தேன்” என்றார். அன்று முழுவதும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பாகு தெரிந்ததால்தான் வேலை கிடைத்தது. பாகு தெரிந்ததால்தான் அந்தத் தப்பும் நடந்தது.

பாகு முறுகிவிட்டால் மிட்டாய்க் கூடத்தில் யாரும் பதற மாட்டார்கள். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் கிளறினால் கம்பிப் பதம் திரும்பி வந்துவிடும். எந்த வழியாக வந்தது என்று பாகிடம் யாரும் கேட்பதில்லை. பதம் வந்தால் முடிந்தது. இந்த ஞானத்தோடுதான் அவர் எண்ணெயையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், முப்பத்தைந்து சுற்று ஓடி வந்த காரின் எண்ணெய் குழாயில் நூற்றெண்பத்தோரு நொடியில் இறங்கியது. புதுசு மாதிரியே. இளைக்கவே இல்லை. அவருக்குச் சந்தோஷம். தாளில் ‘சரி’ என்று எழுதிக் கொடுத்தார், கார் மறுபடியும் ஓடுதளத்துக்குப் போனது. விரலைத் துடைத்தார், சோப்புப் போட்டுக் கை கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார்.

இரண்டாவது வாய் எடுக்கும்போது ஓடுதளத்தின் அபாயச் சங்கு ஊதியது.

என்ஜின் வளைவில் பூட்டிக்கொண்டது. கார் டயர்ச் சுவரில் போய் மோதியது. ஓட்டியவன் மைத்துனன். காறை எலும்பு இரண்டாக உடைந்து, தகடு வைத்து ஆறு திருகாணி போட்டார்கள். பிறகு என்ஜினைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் ஒன்று சரியாக மூடாமல் ஒழுகி, பெட்ரோல் எண்ணெயில் இறங்கியிருக்கிறது. இன்னொரு பக்கம் எண்ணெய் சூட்டில் தீய்ந்து கெட்டியாகியிருக்கிறது. தீய்ந்தது கெட்டியாக்க, பெட்ரோல் இளக்க, இரண்டும் சேர்ந்து புது எண்ணெயின் நொடிக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டன. முறுகின பாகில் தண்ணீர் ஊற்றின கதை. அவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மைத்துனன் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேலியோடு சரி. சட்டைக் காலரை விலக்கித் தழும்பைக் காட்டி, “எங்க மாமா எண்ணெயைத்தான் பதம் பாப்பாருன்னு நெனச்சேன், என் தோளையும் பதம் பாத்துட்டாரு” என்பான். “உள்ள தகடு இருக்குது பாருங்க, அது மாமா எனக்குப் போட்ட நகை. கழட்டவே முடியாது.” கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். ஆனால் அன்றிலிருந்து இவர் ‘சரி’ என்று சொல்வதில்லை. தாளில் ‘போகலாம்’ என்று எழுதுகிறார். மனைவி தொலைபேசியில் உப்பு வாங்கி வரச் சொன்னால் “ஆகட்டும்” என்கிறார். முன்பெல்லாம் பேச்சை முடிக்க நாலு தடவை சரி சரி என்றவர். அந்த அம்மாள் முதலில் கோபம் என்று நினைத்தார், பிறகு பழகிக்கொண்டார்.

கை துடைக்காமல் இருப்பதும் அன்றிலிருந்துதான். “அன்னைக்குக் கார் ஓடிட்டு இருக்குறப்பவே நான் கையைக் கழுவிட்டேன்” என்று பொறியாளரிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த இந்தப் பழக்கம் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியாது. மைத்துனனுக்கு. கார் ஓடுகிற நேரத்தில் அவன் காருக்குள் இருப்பான். நிறுத்தி, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றித் திரும்புவதற்குள் இவர் துடைத்து முடித்திருப்பார்.

பதினோரு வாரத்துக்கு முன்னால் மூன்று பேர் வந்தார்கள். வெளியூர்ப் பந்தயக் குழு ஒன்றின் ஆட்கள். அவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஓர் ஓட்டுநர் வேண்டும். மைத்துனனைப் பற்றி யாரோ நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெரிய காரில் பத்துச் சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும், மதியம் இரண்டு மணிக்கு. ஐந்து மணிக்கு அவர்களுக்கு விமானம். மைத்துனனுக்கு வயது நாற்பத்து மூன்று. இந்தத் தொழிலில் அந்த வயதில் ஒருவரைத் தேடி ஆள் வருவது என்பது ஒரு தடவை நடந்தாலே அதிசயம். அவன் புதுக் கையுறை வாங்கியிருந்தான். காலையில் அக்காவிடம் வந்து நெற்றியில் கை வைக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

பன்னிரண்டரை மணிக்கு மேல் பழக்கத்துக்காக முப்பது சுற்று ஓட்டினான். வழக்கம்போல் எண்ணெய் எடுத்தார்கள். குழாயில் விட்டார் பதம்.

ஒன்பது தடவை ஆண்டவனைக் கூப்பிட்டு முடித்தபோது எண்ணெய் கீழ்க் கோட்டைத் தொட்டது. கடிகாரத்தில் நூற்று எழுபத்தொன்பது.

அவர் மறுபடியும் விட்டார். மறுபடியும் நூற்று எழுபத்தொன்பது. ஒரு துளியை விரலில் எடுத்துப் பிரித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் வாசனை இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அந்தக் கட்டடத்தில் எதை முகர்ந்தாலும் பெட்ரோல்தான்.

“இதுல யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க” என்றார்.

முதலாளி அப்போதுதான் வாசல்படி ஏறிக்கொண்டிருந்தார். “தண்ணி ஊத்தியிருக்கானா? எவன் அவன்?” என்று அவர் போட்ட சத்தத்தில் ஸ்பேனர்கள் கீழே விழுந்தன. காவலாளியைக் கூப்பிட்டு, நேற்று ராத்திரி உள்ளே யார் வந்தது என்று விசாரணையே ஆரம்பித்துவிட்டார். பொறியாளர் ஓடி வந்து, அண்ணன் சொல்கிற தண்ணீர் வேறு என்று புரிய வைக்கப் பத்து நிமிடம் ஆனது.

“நம்பர் நல்லாத்தானே இருக்குது, பதம்?” என்றார் முதலாளி.

“அதுதாங்க கஷ்டமா இருக்குது. முப்பது சுத்து ஓடி வந்தவன் கொஞ்சமாவது இளைச்சிருக்கணும். இது கல்யாண வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி அப்படியே வந்து நிக்குது.”

“அப்ப ஆயிலை மாத்திட்டு விட்டுடலாம். அரை மணி நேர வேலை.”

“எண்ணெயை மாத்திட்டா ஊத்துறவன் போயிடுவானா? அவன் உள்ளேயேதான் இருப்பான். எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க.”

வேறு கார் இல்லையா என்றால், இன்னொன்றின் கியர்ப் பெட்டி மேசை மேல் பிரித்துக் கிடந்தது. மூன்று பேரும் வெயிலில் நிற்கப் பிடிக்காமல் தகரக் கூரைக்குக் கீழே வந்து நின்றார்கள். மைத்துனன் ஹெல்மெட் போட்டுக் காருக்குள் உட்கார்ந்திருந்தான். பதம் போய்க் குனிந்து சொன்னார்.

“மச்சான், ஒரு மணி நேரம் பொறுத்துக்க.”

“பத்தே பத்து சுத்து, மாமா.”

“மத்தவங்களா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவேன்.”

“மத்தவங்களா இருந்தா அவங்களுக்கு வேற நாள் இருக்கும். எனக்கு ஏது?”

“என்னால கையெழுத்துப் போட முடியாது மச்சான்.”

அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். சத்தம் போடவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்ததால் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. “அன்னைக்குச் சரின்னு எழுதி என் எலும்பை உடைச்சீங்க. இன்னைக்கு முடியாதுன்னு சொல்லி என் பொழப்பை உடைங்க. நல்லா இருங்க.”

மூன்று வருஷமாக அவன் சொல்லாதது அது. பக்கத்தில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பதம் நிமிர்ந்து, தன் அறைக்குப் போய், அகலமான எஃகுக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு, மின்னடுப்பில் மெல்லிய சூட்டில் வைத்துக் கிளற ஆரம்பித்தார். தண்ணீர் ஊற்றின பாகைத் திறந்து வைத்துக் காய்ச்சினால் தண்ணீர் போய்விடும், முறுகின பாகு தன் முகத்தைக் காட்டிவிடும். பெட்ரோலும் போகும் என்பது அவர் கணக்கு. கையெடுக்காமல் கிளறினார். அந்த ஒரு மணி நேரமும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன வேண்டினார் என்று தெரியாது. தன் சந்தேகம் நிஜமாக இருக்க வேண்டும் என்று வேண்டுவதா, பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டுவதா என்பது அவருக்கே பிடிபடாமல் இருந்திருக்கலாம்.

மூன்று மணிக்கு அதே எண்ணெயை மறுபடியும் குழாயில் விட்டார். ஒன்பது தடவை சொல்லி முடித்தார். எண்ணெய் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பத்தாவது முடிந்தது. பதினொன்றாவதில் ‘குறுக்க ஓடுற நாய்’ வரைக்கும் வந்தபோது கீழ்க் கோட்டைத் தொட்டது. இருநூற்றுப் பதினாறு நொடி.

என்ஜின் மூடியைக் கழற்றினார்கள். நான்காவது இன்ஜெக்டரின் நுனி நனைந்திருந்தது. பொறியாளர் அதைத் துடைத்தார், காத்திருந்தார்கள். மெல்ல இன்னொரு சொட்டுத் திரண்டது.

மாற்ற வேண்டிய இன்ஜெக்டர் வர மறுநாளாகும் என்றார்கள். மூன்று பேரும் முதலாளிக்குக் கை கொடுத்தார்கள். ஒருவர் பதத்தின் அறை வாசலில் நின்று, அந்தக் கிண்ணத்தையும் கரண்டியையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அவர்கள் வண்டி வாசலைத் தாண்டிய பிறகு மைத்துனன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இறங்கினான். புதுக் கையுறையை இருக்கையிலேயே விட்டிருந்தான். இரண்டு வாரத்தில் அந்த இடம் இருபத்து நாலு வயதுப் பையன் ஒருவனுக்குப் போயிற்று.

மாமா செய்தது நியாயம் என்று மைத்துனனுக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சொட்டை அவனும்தான் பார்த்தான். நியாயம் தெரிந்ததால் பேச்சு வந்துவிடுமா? பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் அக்காவிடம் பேசுவான், மாமா உள்ளே வந்தால் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பான். அந்த அம்மாள் யார் பக்கமும் சாயவில்லை. “எனக்கு இருக்கிறது ஒரு தம்பி, ஒரு புருஷன். உங்க பட்டறை மாதிரி ஸ்பேர் எல்லாம் கிடையாது. முறைச்சுக்கிட்டு உக்காந்தாலும் ரெண்டு பேரும் இங்கேயே உக்காருங்க” என்று இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

பட்டறையில் பாடு பட்டவர் பொறியாளர். இரண்டு பேரும் ஒரு காரின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு அவர் வழியாகத்தான் பேசுவார்கள்.

“வண்டியை எடுக்கலாமான்னு எண்ணெய்க்காரரைக் கேளுங்க.”

“போகலாம்னு சொல்லும்மா. மூணாவது வளைவுல ஈரம் இருக்குதுன்னும் சொல்லு.”

“ஈரம் இருக்குறது எங்களுக்கும் தெரியும்னு சொல்லுங்க.”

“நான் என்ன இங்க தபால்காரியா?” என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொள்வார். ஒரு முறை சலித்துப் போய் இரண்டு பேருக்கும் தலைக்கு ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்தார். மைத்துனன் தன் சீட்டை மடித்துக் காதைக் குடைந்தான். பதம் தன் சீட்டில் எண்ணெயின் நொடியை எழுதி வைத்துக்கொண்டார்.

போன வாரம் மைத்துனனுக்குக் கணுக்கால் பிசகி, மூன்று நாள் அவன் காரில் ஏறவில்லை. அவனுக்குப் பதிலாக வேறொருவர் ஓட்டினார். முதல் நாள் இவன் பழைய டயர் அடுக்கின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் கார் ஓடுகிற நேரத்தில் அவன் வெளியே இருந்தது அன்றுதான். கொஞ்ச நேரம் ஓடுதளத்தைப் பார்த்தான். பிறகு அறை வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தான். இடது கையில் தேநீர்க் குவளை. வலது கை நெஞ்சுக்கு நேரே.

“அவர் கைக்கு என்ன ஆச்சு?” என்று பொறியாளரிடம் கேட்டான்.

“எது? ஓ, அதுவா. வண்டி திரும்பி வர்ற வரைக்கும் துடைக்க மாட்டாரு.”

“எதுக்கு?”

அந்தப் பெண் அவனை ஒரு மாதிரி பார்த்தார். “நெஜமாவே தெரியாதா உங்களுக்கு? நீங்க உள்ள இருக்குறப்ப நாள் தவறாம இப்படித்தானே நிக்கிறாரு. மூணு வருஷமா. அன்னைக்கு நீங்க மோதுறப்ப கையைக் கழுவிட்டு உக்காந்துட்டாராம்.”

அவன் அறைப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான். அந்தக் கார் வந்து நின்று, ஓட்டியவர் இறங்கி, மாமா துணியை எடுத்துத் துடைக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

இன்றைக்குத்தான் மறுபடியும் அவன் காரில் ஏறியிருக்கிறான். அதே பெரிய கார், புது இன்ஜெக்டர். முதல் பத்துச் சுற்று ஓடி வந்ததும் எடுத்த எண்ணெய் நூற்று எழுபத்திரண்டு நொடி. “இளைச்சிருக்குது, போகலாம்” என்று பொறியாளர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார் பதம். தேநீர் ஆறிப்போய்விட்டது. அடியில் கிடந்ததை அப்படியே குடித்துவிட்டுக் குவளையை ஜன்னலில் வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கடைசியாக ஒரு முறை ஏறி, இறங்கி, அடங்கி, பட்டறை வாசலுக்கு வந்து நின்றது.

மைத்துனனின் வலது கால் வெளியே வந்தது. பிசகின கால் என்பதால் மெல்ல ஊன்றினான். பிறகு இடது கால். பிசகின காலையே பார்த்துக்கொண்டு நின்ற பதம், சற்றுப் பிந்தித் திரும்பி ஆணிப் பக்கம் கையை நீட்டினார். ஆணி காலியாக இருந்தது. துணி மைத்துனன் கையில் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல், கையுறையை மட்டும் உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக வந்து அதை எடுத்திருந்தான். மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து, ஆட்காட்டி விரலை நகக்கண் வரைக்கும் துடைத்தான். துணியைத் திருப்பிச் சுத்தமான பக்கமாக மடித்துக்கொண்டான்.

“கட்டைவிரலையும் காட்டுங்க, மாமா.”

பதம் கட்டைவிரலை நீட்டினார்.